ரப்பர் தவளையும் நாட்டு விராலும்

தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளைக்கு வேஷ்டி கிடைக்கும். அதிர்ஷ்டக்காரனுக்கு மோதிரம் கிடைக்கும். போன தீபாவளிக்குத் திண்டுக்கல் போன எனக்குக் கிடைத்தது ஒரு ரப்பர் தவளை.

என் மைத்துனனுக்குச் சில காலமாகத் தூண்டில் பைத்தியம். மூங்கில் கழியும் மண்புழுவுமாக இருந்த வரையில் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. திடீரென்று தபாலில் ஒரு பெட்டியை வரவழைத்துவிட்டான். அதற்குள்ளே மடக்குத் தடி, நூல் சுற்றும் ராட்டினம், பச்சை நிறத்தில் இரண்டு ரப்பர் தவளைகள். பூஜை அறைக்குப் பக்கத்தில் தவளை கிடப்பதைப் பார்த்து என் மாமியார் போட்ட கூச்சலில் எதிர்வீட்டார் ஓடிவந்தார்கள்.

தவளையை என் உள்ளங்கையில் வைத்து மைத்துனன் பாடம் நடத்தினான். வயிறு பொள்ளல். இரண்டு முட்கள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கின்றன. ஆகவே தாமரை இலை மேல் இழுத்தாலும் பாசி மேல் இழுத்தாலும் சிக்குவதில்லை. மீன் கவ்வியதும் ரப்பர் நசுங்கும், முட்கள் வெளியே வரும். பெட்டியின் மேல் ஒரு மீன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"இது பாஸ் மீன், மாமா!"

"எந்தப் பரீட்சையில்?" என்றேன்.

என் ஹாஸ்யத்தை அவன் ரசிக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த ஒரு மீனுக்காக லட்சக்கணக்கான பேர் தூண்டிலும் கையுமாக அலைகிறார்கள் என்று விளக்கினான். இதில் இரண்டு ஜாதி. 'பெரிய வாய்' பாஸுக்கு மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும்; தேங்கிய நீரும், வெதுவெதுப்பும், பாசியும் அதற்குப் பிடிக்கும். 'சிறிய வாய்' பாஸுக்குத் தாடை கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். அது பாறைகளும் குளிர்ந்த தெளிந்த நீரும் உள்ள இடத்தைத் தேடும். 1932-ல் ஜார்ஜியா மாகாணத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பத்து கிலோ எடையுள்ள பெரிய வாய் பாஸைப் பிடித்தார். அதற்குச் சமமான இன்னொன்று கிடைக்க எழுபத்தேழு வருஷம் ஆயிற்று. அதுவும் அமெரிக்காவில் அல்ல. 2009-ல் ஜப்பானில், பீவா ஏரியில்! 1925-ல் ஜப்பானுக்குக் கொண்டுபோன மீன் அங்கே பெருகி, நாட்டு மீன்களைத் தின்று தீர்த்து, கடைசியில் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

அந்த மீனுக்கு வருஷம் என்பது தண்ணீரின் சூடுதான். குளிர்காலத்தில் ஏரி மேலே உறைந்து கிடக்க, அடித் தண்ணீரில் ஏறக்குறைய அசையாமல் படுத்திருக்கும். வசந்தம் வந்து தண்ணீர் பதினைந்து, பதினாறு டிகிரியைத் தொட்டதும் கரைக்கு வரும். ஆண் மீன் வாலால் தரையைப் பெருக்கிக் குழி செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுக்க அப்பன் பொறுப்பு. கோடையில் வெயிலுக்குப் பயந்து ஆழத்திலும் நிழலிலும் ஒதுங்கி, விடியலிலும் அந்தியிலும் வேட்டைக்கு வரும். இலையுதிர் காலத்தில் குளிருக்கு முன்னால் சின்ன மீன் கூட்டங்களைத் துரத்தித் துரத்தித் தின்னும்.

"எல்லாம் சரி, மாப்பிள்ளை. திண்டுக்கல்லில் பாஸ் ஏது?" என்று கேட்டேன்.

"நம்ம விரால் இருக்கே, மாமா!"

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது நியாயம்தான். விராலும் பாசிக்குள் பதுங்கிப் பாய்கிற மீன். அதற்கும் தவளை என்றால் உயிர். வாயைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அகநானூற்றில் முப்பத்தாறாவது பாட்டில் மதுரை நக்கீரர் வராலை அறிமுகப்படுத்தும்போதே அதன் பிளந்த வாயைத்தான் முதலில் சொல்கிறார். இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிய ஆண் வரால், ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதையத் துள்ளுகிறது. பிடித்தவன் இழுத்தால் வர மறுக்கிறது. கயிறு மாட்டிய முரட்டுக் காளையைப் போலக் குளத்தையே கலக்குகிறது. தூண்டில்காரனின் மனசு தெரிந்த வர்ணனை! பரத்தையர் வீட்டுக்குப் போய்த் திரும்பிய தலைவனைத் தலைவி கண்டிக்கும் பாட்டில் இத்தனை மீன் சமாசாரம் எதற்கு என்று பண்டிதர்கள் விளக்குவார்கள். எனக்கு மீன் மட்டும் போதும்.

மறுநாள் விடியற்காலை மோட்டார் சைக்கிளில் சின்னாளபட்டியைத் தாண்டி ஆத்தூர்ப் பக்கம் போனோம். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தரும் காமராஜர் நீர்த்தேக்கம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மேற்கே மலையில் பெய்கிற மழை குடகனாறாக இறங்கி, வழியில் உள்ள குளங்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, வடக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. நாங்கள் போனது ஒரு சிறிய ஊர்க் குளத்துக்கு. மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் மைத்துனன் முன்னமே உத்தரவு வாங்கியிருந்தான். உத்தரவில்லாமல் தூண்டில் போட்டால் மீனுக்கு முன்னால் நாம் பிடிபடுவோம்.

கரையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கையில் மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் தக்கை, தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. நான் ஊர் மாப்பிள்ளை என்று தெரிந்ததும் துண்டை உதறி இடம் போட்டுக் கொடுத்தார். ரப்பர் தவளையை வாங்கி அழுத்திப் பார்த்தார்; முகர்ந்தும் பார்த்தார்.

"கத்துமா?" என்று கேட்டார்.

"கத்தாது, தாத்தா."

"அப்ப சரி" என்று திருப்பிக் கொடுத்தார்.

பாஸ் மீனின் நான்கு பருவங்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நம்ம தண்ணி என்னிக்குங்க சில்லுனு ஆச்சு? இங்கே மீனுக்குக் காலம்னா அது குளத்து மட்டந்தான், மாப்பிள்ளை."

அரைமணி நேரத்தில் அவர் கொடுத்த விவரம் இது. வருஷத்தில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். புதுத்தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் கெண்டைகள் அதை எதிர்த்து ஏறும். மடைவாயில் ஊரே கூடும். மார்கழி, தை மாதங்களில் குளம் தளும்பும். மீனுக்குப் பரந்த இடம், நிறைந்த தீனி. எனவே நம் புழுவை மதிக்காது. மாசி, பங்குனியில் மதகு திறந்து தண்ணீர் பாதியானதும் எல்லா மீனும் நடுக்குளத்துக்கு நெருங்கும். அதுதான் விராலுக்கு வேட்டைக்காலம், நமக்கும் அதுதான். சித்திரை, வைகாசியில் முழங்கால் தண்ணீர், பிறகு சேறு.

சேற்றிலும் விரால் சாகாது. செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைக்க அதற்கு ஓர் அறை உண்டு. ஈரம் இருந்தால் போதும், புதைந்து கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், மேலே வந்து மூச்சு வாங்க விடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் இந்த மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும்! சந்தையில் ஒரு சொம்புத் தண்ணீரில் விரால் மணிக்கணக்காக உயிரோடு நெளிவதும் இதனால்தான்.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது மைத்துனன், "மாமா, அங்கே பாருங்க!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

கரையிலிருந்து இருபது அடியில், ஒரு தாம்பாளத்தளவு தண்ணீர் கொதிப்பதுபோலத் துடித்தது. மழைத்துளி விழுகிறதோ என்று மேலே பார்த்தேன். அத்தனையும் விரால் குஞ்சுகள்! செக்கச் செவேலென்று நூற்றுக்கணக்கில் பந்தாகத் திரண்டு, மேலே வந்து காற்றை ஒரு வாய் கவ்விவிட்டுக் கீழே போயின. அவற்றுக்கு அடியில் ஒரு கறுத்த முதுகு மெல்லத் திரும்பியது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

மைத்துனன் தடியை ஓங்கிவிட்டான்.

"போடாதே, தம்பி" என்றார் கிழவர்.

"ஏன், தாத்தா? இப்போ போட்டா நிச்சயம் அடிக்கும்!"

"அடிக்கும். அதுதான் சொல்றேன். அது பசிக்கு அடிக்காது, கோவத்துக்கு அடிக்கும். குஞ்சுகிட்டே எது வந்தாலும் கடிக்கும். நான் என் துண்டைப் போட்டாலும் கடிக்கும்."

காவல் போய்விட்டால் குஞ்சுகளின் கதி என்ன என்று அவர் விளக்கவில்லை, கையால் காட்டினார். பந்தைச் சுற்றிக் கொஞ்ச தூரத்தில் கெண்டைகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

"நாம விட்டா நாளைக்கு இன்னொருத்தன் வந்து பிடிச்சிட்டுப் போவான்."

"போவான்தான். நானும் பிடிச்சவன்தான், தம்பி. இருபது வயசிலே இதே குளத்திலே ஆணையும் பொண்ணையும் ஒரே நாள்லே எடுத்தேன். கலியாண வீட்டுக்காரன் மாதிரி கூடையைத் தலையிலே வச்சுக்கிட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தேன். தண்ணி சும்மா கிடந்துச்சு."

ஒரு ஜோடி மீன் போனதால் ஒரு குளம் அழிந்துவிடாது என்று நான் வாதாடியிருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் எல்லோரும் இந்தப் பந்தைத்தான் தேடிப் போகிறார்கள். மீனைப் பிடிக்க மிகச் சுலபமான நாளே அதைப் பிடிக்கக் கூடாத நாளாக அமைந்திருப்பது விசித்திரம்தான். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில் பாஸ் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதைப் பிடிக்கச் சட்டப்படி தடை உண்டு. நம் ஊர்க் குளத்தில் அன்றைக்குச் சட்டம் என்று இருந்தது அந்தக் கிழவர் ஒருவர்தான். அவருக்கும் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

மைத்துனன் தடியைக் கீழே இறக்கினான். முகம் வாடிப் போயிற்று. எதிர்ப்பக்கம் திரும்பி ஆத்திரத்தோடு ஒரு வீச்சு வீசினான். தவளை உயரே பறந்து, தண்ணீரில் நிற்கும் கருவேல மரத்தின் உச்சியில் போய் மாட்டிக்கொண்டது. அன்றைய வேட்டை அத்துடன் முடிந்தது. கிழவர் மட்டும் நாலு ஜிலேபிக் கெண்டை பிடித்தார். அதுவும் வெளியூர் மீன்தான். ஆப்பிரிக்காவில் பிறந்தது, 1952-ல் இந்தியாவுக்கு வந்தது, இன்று அது இல்லாத குளமில்லை. அதில் தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்தே அடைகாக்கிறது. ஒன்று வாயால் காவல் காக்கிறது. இன்னொன்று வாயையே தொட்டிலாக்குகிறது!

அமெரிக்கர்களை மறந்துவிடக் கூடாது. 2002-ல் மேரிலாந்து மாகாணத்தில் கிராஃப்டன் என்ற ஊர்க் குட்டையில் விராலின் சீனத்து உறவுக்கார மீன் ஒன்று குடும்பத்தோடு அகப்பட்டது. தரையில் நகரும், பாஸையெல்லாம் தின்றுவிடும் என்று பத்திரிகைகள் அலறின. குட்டையில் மருந்தைக் கொட்டி எல்லா மீனையும் கொன்றார்கள். ஆனாலும் இரண்டே வருஷத்தில் பொடோமாக் ஆற்றில் அது தலைகாட்டிவிட்டது. இப்போது அங்கே தூண்டில்காரர்கள் அதையும் தவளை போட்டுப் பிடிக்கிறார்களாம்.

மாசி மாதம் மறுபடியும் போனேன். தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. மிச்சமிருந்த இரண்டாவது தவளையை மைத்துனன் பாசி ஓரத்தில் போட்டு, தத்தித் தத்தி வருவதுபோல இழுத்தான். மூன்றாவது இழுப்பில் 'டபக்' என்று ஒரு சத்தம், தவளையைக் காணோம்! "இழுக்காதே, முழுங்கட்டும்" என்று கிழவர் முணுமுணுத்தார். ஒரு மூச்சு விட்டு மைத்துனன் தடியைத் தூக்கினான். அப்புறம் நடந்ததை நக்கீரர் எழுதிவிட்டார். என் பங்குக்கு நான் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்ததை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றேகால் கிலோ. மாமியார் புளி கரைத்துக் குழம்பு வைத்தார். ரப்பரைக் கடித்த மீன் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வைகாசியில் குளம் வற்றி மீன்பிடித் திருவிழா வந்தது. நத்தம், சாணார்பட்டிப் பக்கமெல்லாம் இந்தத் திருவிழா பிரசித்தம். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருந்த ஜனங்கள் ஊத்தாவும் வலையுமாகக் குளத்துக்குள் பாய்வார்கள். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை. அதைச் சேற்றில் அமுக்கினால் உள்ளே மீன் முட்டும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிக்க வேண்டும். பிடித்த மீனை விற்கும் வழக்கமில்லை. வீட்டில் சமைத்துச் சாப்பிடுவார்கள். அடுத்த வருஷம் மழை பெய்து விவசாயம் செழிக்கும் என்பது நம்பிக்கை. மைத்துனன் ஊத்தாவுக்குள் கை விட்டான், அகப்பட்டது தேளி. கொட்டிய விரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது. கிழவருக்கு நாலு விரால். அவற்றில் சாண் அளவுள்ள ஒன்றை, எல்லோரும் பார்க்கும்போதே, மதகோரப் பள்ளத்தில் மிஞ்சியிருந்த தண்ணீரில் விட்டுவிட்டார்.

இதையெல்லாம் டெலிபோனில் சொல்லிவிட்டு, மைத்துனன் ஒரு சமாசாரத்தையும் சேர்த்துக்கொண்டான். ஐப்பசியில் கருவேல மரத்தில் மாட்டிய முதல் தவளை இன்னமும் அங்கேயே தொங்குகிறதாம். வெடித்துக் கிடந்த குளத்தின் நடுவில் நின்று, வியர்வையைத் துடைத்தபடி கிழவர் அதை அண்ணாந்து பார்த்தாராம்.

"இதாச்சும் ரெண்டு வார்த்தை கத்துச்சுன்னா மழை வருமே, தம்பி" என்றாராம்.