மொழிப்பாடமும் கற்போர் நிலையும்

மொழி கற்பிக்கப் புகுவோர் முதலில் நாடுவது பாடநூலையே. நூல் நன்றாயின் பயிற்சியும் நன்றாம் என்பது பலர் துணிபு. ஆயின், 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலின் இயல்பைக் கூறியதோடு அமையாது, பாடஞ்சொல்லும் முறையையும் வகுத்துரைக்கின்றது. ஆசிரியன் காலத்தையும் இடத்தையும் ஆராய்ந்து, மாணாக்கன் ஏற்குந் திறம் உணர்ந்து கற்பித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. இம்மூன்றும் மொழிப்பாடத்தின் அமைப்பை எவ்வாறு ஆளுகின்றன என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தை முன்வைத்து யாம் ஈண்டு விளக்க விழைகின்றோம்.

ஆந்திரத்தை அடுத்துள்ள இம்மாவட்டத்தில், திருத்தணி, கும்மிடிப்பூண்டி முதலிய பகுதிகளிலே தெலுங்கு பேசுங் குடிகள் பலவுள. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரை செல்லும் ஓர் ஏணியை வகுத்தது. ஊரில் நிலைத்து வாழும் தெலுங்குச் சிறுவன் எழுத்து, சொல், உரைநடை, செய்யுள் என அவ்வேணியிற் படிப்படியாக ஏறலாம். கடைத்தெருவிற் கேட்கும் தமிழும் அவனுக்கு உதவும்.

இதே மாவட்டத்தின் செங்கற்சூளைகளிலோ நிலைமை வேறு. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா முதலிய மேற்கு மாவட்டங்களினின்றும் தொழிலாளர் குடும்பங் குடும்பமாக வருகின்றனர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வேலை தொடங்கும். கோடை கழிந்ததும் அவர்கள் ஊர் திரும்புவர். அவர்தம் மக்களுக்கு இங்கே கிட்டுங் காலம் ஏறத்தாழ ஆறு திங்களே. அந்த ஆறு திங்களையும் தமிழெழுத்திற்கே செலவிட்டால், சிறுவன் இங்கும் கல்வி நிரம்பாது, தன் ஊர்ப்பள்ளியிலும் ஓராண்டை இழப்பான்.

இவ்விடரை நோக்கியே 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் சூளைகளின் அருகே பயிற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டு, ஒடிய மொழிப் பாடநூல்களும் அம்மொழியறிந்த ஆசிரியரும் ஒடிசாவிலிருந்து வரவழைக்கப்பெற்றனர். கூடியமட்டும் தாய்மொழியிலேயே கற்பித்தல் வேண்டும் என்னும் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்திற்கும் இஃது இயைந்ததே. ஆயினும் இடர் முற்றும் நீங்கிற்றில்லை. அச்சிறுவருள் பலர் வீட்டிற் பேசுவது சம்பல்புரி வழக்கு. நூலிலுள்ள ஒடியம் அதனின் வேறுபட்டது. பல வயதினரும் ஒரே கூடத்தில் அமரும் இடத்து, வகுப்பால் அன்றி, எழுத்தறியார், எழுத்துக்கூட்டுவார், வாசிப்பார் எனத் திறத்தாற் பிரித்தலே தகும்.

அவர்களுக்குத் தமிழ் வேண்டாவோ எனின், வேண்டும். கடையில் அரிசி வாங்கவும், மருத்துவரிடம் நோய் கூறவும், வழி வினவவும் பேச்சுத்தமிழ் இன்றியமையாதது. அதற்கு நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கலாம். ஒடியத்திலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியிலேயே நிற்கும். ளகர ஒலியும் அம்மொழியில் உண்டு. இவற்றிற்கு நாளைச் செலவிட வேண்டுவதில்லை, ழகரமே புதிது. எழுதக் கற்குங்கால் வேறோர் இடர் தோன்றும். ஒடியத்தில் ககர வருக்கத்து வல்லோசைகளுக்கு நான்கு எழுத்துண்டு. தமிழிலோ 'காகம்' என்னுஞ் சொல்லில் இருவேறாய் ஒலிப்பவற்றிற்கும் ககரம் ஒன்றே.

இனி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் உழைக்கும் வடபுலத் தொழிலாளியை நோக்குவோம். வேலைநேரம் மாறுதலின் அவன் வகுப்பிற்குத் தொடர்ந்து வருதல் அரிது. ஆதலின், முந்திய பாடத்தைக் கேளாதவனுக்கும் விளங்குமாறு ஒவ்வொரு பாடமும் தனித்து நிற்றல் வேண்டும். அகரவரிசைக்கு முன்னரே 'நில்', 'விலகு', 'சூடு', 'மின்சாரம்' என்னும் எச்சரிக்கைச் சொற்களைக் கற்பித்தல் வேண்டும். அவற்றை அறியாமையால் உயிருக்கே ஊறு நேரலாம். அவன் குடும்பம் இங்கேயே நிலைத்துத் தங்குமாயின், அவன் மக்களுக்கு மேற்கூறிய பத்தாண்டு ஏணியே உரியது. அதில் ஏறுதற்கு ஓர் இணைப்புப் பயிற்சி மட்டும் முதலில் வேண்டும்.

1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு ஐயர், சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். அவருடைய தமிழிலக்கணம் இலத்தீன் மொழியில் அச்சேறியது 1716-இல். கற்போன் நிலை முன்னர், நூல் பின்னர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. நம் மாணவருள் விடுமுறையிற் கற்பிக்கச் செல்வோர், நூலைத் திறக்குமுன், 'எத்துணை நாள்? எவ்விடம்? கற்போர் யாவர்?' என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புவாராக.