ஒருசந்தியும் நட்சத்திர விளக்கும்

589-ஆம் ஆண்டின் இறுதியில் டைபர் ஆறு கரை உடைத்து ரோம் நகருக்குள் புகுந்தது. வெள்ளத்தின் பின்னாலேயே கொள்ளைநோய் வந்தது. 590-இன் தொடக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுஸையே அது கொண்டுபோனது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற பெரிய கிரகோரியார், லூக்கா நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை எடுத்து ஆற்றிய மறையுரை ஒன்று இன்றும் கிடைக்கிறது. கதிரவனிலும் நிலாவிலும் தோன்றும் அடையாளங்கள், கடலின் கொந்தளிப்பு, மேகத்தின்மேல் வரும் மானிட மகன் என்று விளக்கிக்கொண்டே வந்தவர், முந்தாநாள் அடித்த சூறைக்காற்றைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பழம்பெரும் மரங்கள் வேரோடு சாய்ந்ததையும், வீடுகளும் கோவில்களும் அடியோடு இடிந்ததையும் எதிரே நின்று கேட்டவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். ஆண்டவர் திரும்பி வருவார் என்பது அவர்களுக்கு எங்கோ தொலைவில் இருக்கிற ஒரு நம்பிக்கைக் கோட்பாடாக இருந்திருக்க முடியாது.

அந்த நற்செய்திப் பகுதி பல நூற்றாண்டுகள் திருவருகைக் காலத்துக்கு உரிய வாசகமாக இருந்தது. 1570-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூலில் முதல் ஞாயிறுக்கு அதுவே. கிறிஸ்து பிறப்புக்கு நான்கு வாரம் இருக்கையில், மாட்டுத் தொழுவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அவர் நடுவராகத் திரும்பி வருவதைச் சொல்லித்தான் திருச்சபை தன் ஆண்டைத் தொடங்கியது. 1969-இன் வழிபாட்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மூன்று ஆண்டுச் சுழற்சி வந்தது. மூன்றிலும் முதல் ஞாயிறு வாசகம் இரண்டாம் வருகையைப் பற்றியதுதான். வாசகம் அந்த இடத்திலேயே இருக்கிறது. கேட்கிற நாம்தான் வெகுதூரம் வந்துவிட்டோம்.

எவ்வளவு தூரம் என்று பார்க்க, நோன்பிலிருந்து தொடங்கலாம். ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சில் உள்ள தூர் நகரின் ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு என்று வகுத்தார். 581-இல் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் மன்றம் திங்கள், புதன், வெள்ளி என்று நாளையும் குறித்தது. பாஸ்காவுக்கு முன் ஒரு தவக்காலம் இருப்பதுபோல இதற்கும் மார்ட்டின் தவக்காலம் என்றே பெயர். ரோமை வழிபாட்டில் அது நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கியது. கிழக்குத் திருச்சபைகள் சுருக்கவில்லை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இன்றும் நாற்பது நாள் நோன்பிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் சீரோ மலபார் குடும்பங்கள் பலவற்றில் டிசம்பர் 1-ஆம் தேதி முதல் இறைச்சி சமைப்பதில்லை. இருபத்தைந்து நோன்பு முடிந்துதான் கிறிஸ்துமஸ் விருந்து.

லத்தீன் முறையைப் பின்பற்றும் தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் ‘ஒருசந்தி’, ‘சுத்தபோசனம்’ என்ற சொற்கள் ஒரு தலைமுறைக்கு முன்புவரை புழக்கத்தில் இருந்தன. ஒரு வேளை மட்டும் வயிறார உண்பது ஒருசந்தி, இறைச்சி விலக்குவது சுத்தபோசனம். எந்தெந்த நாள் ஒருசந்தி என்று நாட்காட்டி பார்க்காமலே சொல்லும் பாட்டிகள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் காலத்திலேயே திருவருகைக் காலத்து நோன்பு பெரிதும் தேய்ந்துபோயிருந்தது. 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, டிசம்பர் நடுவில் வரும் மூன்று நாட்களையும் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாளையும் மட்டும் விட்டுவைத்தது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு ஒழுங்கைத் திருத்தியபோது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும் கட்டாய நோன்பு நாட்களாக நின்றன. இப்போதைய 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தவ நாட்களின் பட்டியலில் வெள்ளிக்கிழமைகளும் தவக்காலமும் உண்டு, திருவருகைக் காலம் இல்லை.

நோன்போடு போனவை வேறு சிலவும் உண்டு. திருவருகைக் காலத்தில் ஆடம்பரத் திருமணம் கூடாது என்று திரெந்து பொதுச்சங்கம் விதித்திருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை நிற்கும். மறையுரைகளில் சாவு, நடுத்தீர்வை, மோட்சம், நரகம் என்ற நான்கும் இடம்பெறும்.

அந்த நான்கைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் பயந்தே வாழ்ந்தார்கள். ஆண்டவர் திரும்பி வருகிறார் என்றால் கணக்குக் கேட்க வருகிறார், அவ்வளவுதான். பாவத்தோடு செத்துப்போவோமோ என்று தூக்கம் இழந்த குழந்தைகள் இருந்தார்கள். வருகிறவர் நமக்காக உயிர் கொடுத்தவர் என்பது அந்தப் பயத்தில் மறைந்துபோனது. பழைய காலம் முழுக்கப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். 1969-இன் வழிபாட்டு ஒழுங்கு இந்தக் காலத்தை மகிழ்ச்சியும் பக்தியும் கலந்த எதிர்நோக்கின் காலம் என்று விவரித்தது சரியான திருத்தம். உண்மையில் அந்த மகிழ்ச்சி வழிபாட்டிலேயே முன்பிருந்தே இருந்ததுதான். ஊதா உடுப்பு அணிந்து ‘உன்னதங்களிலே’ கீதத்தை நிறுத்துகிற அதே காலத்தில் அல்லேலூயாவை நிறுத்துவதில்லை. தவக்காலத்தில் அல்லேலூயாவும் நின்றுவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்டு மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார். பெத்லகேமில் எளிமையில் நடந்தது ஒன்று, கடைசியில் மாட்சியோடு நிகழ இருப்பது ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு நாளும் மறைவாக மனிதருக்குள் நிகழ்வது ஒன்று. இறுதி நாள் திடுக்கிட வைக்காமல் இருக்க வழி அந்த நடுவருகைதான். தினமும் வீட்டுக்கு வந்துபோகிறவர் ஒரு நாள் ஊரறிய வந்தால் யாரும் அஞ்சி ஒளியமாட்டார்கள்.

ஆக, அச்சம் போனது நல்லது. ஆனால் அதோடு சேர்ந்து, யாரோ ஒருவர் உண்மையாகவே வரப்போகிறார் என்ற உணர்வும் போய்விட்டது. டிசம்பர் முதல் தேதி நட்சத்திர விளக்கு தொங்குகிறது. இரண்டாம் வாரத்தில் பள்ளியிலும் அலுவலகத்திலும் கிறிஸ்துமஸ் விழா நடந்து முடிந்துவிடுகிறது. மூன்றாம் வாரம் முழுக்க இரவுகளில் கேரல் பவனி, கூடவே கிறிஸ்துமஸ் தாத்தா. குடில் போட்டி, கேக், துணிக்கடை. இதில் எதையும் நான் வெறுக்கவில்லை. பவனி வரும் பிள்ளைகளுக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற முதியவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய ஆறுதல். ஆனாலும் இந்த மாதம் முழுவதும் நாம் ஒரு பிறந்தநாளை நினைவுகூர்கிறோம். நினைவுகூர்வதற்கு யாரும் புதிதாக வந்து சேர வேண்டியதில்லை.

காத்திருப்பைக் கற்பிக்கப் பிறந்த சில வழக்கங்களும் இப்படியே திரும்பிக்கொண்டன. 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டு நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். அதுவே சுருங்கி, நான்கு திரிகளோடு இன்று கத்தோலிக்கக் கோவில்களிலும் நிற்கும் திருவருகை வளையம் ஆனது. ஜெர்மன் புரொட்டஸ்டன்ட் வீடுகளில் கதவில் சுண்ணாம்புக் கோடு போட்டு நாளை எண்ணினார்கள். அந்தக் கோடுகள் நாட்காட்டியாகி, இன்று ஒவ்வொரு நாளும் திறக்க ஒரு சாக்லேட் உள்ள அட்டைப் பெட்டியாக விற்கப்படுகின்றன.

பழைய உணர்வு எங்கே உயிரோடு இருந்தது என்று தேடினால், பெரும்பாலும் துன்பத்தின் நடுவில்தான் அகப்படுகிறது. 1944 டிசம்பரில் பெர்லினின் தேகெல் சிறையில், ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த வட்டத்தில் இருந்த இயேசு சபைக் குரு ஆல்பிரட் டெல்ப், விலங்கிட்ட கைகளால் திருவருகைக் காலத் தியானங்களை எழுதினார். தாள்கள் இரகசியமாக வெளியே போயின. தன் சபையின் இறுதி வார்த்தைப்பாட்டை டிசம்பர் 8 அன்று அந்தச் சிறையிலேயே கொடுத்தார். 1945 பிப்ரவரி 2 அன்று தூக்கிலிடப்பட்டார். ஓராண்டு முன்பு அதே சிறையில் இருந்த லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், சிறை அறையின் கதவு வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பதை வைத்தே இந்தக் காலத்தின் பொருளைக் கடிதத்தில் விளக்கினார். இருவருக்கும் வரப்போகிறவர் தேவையாக இருந்தார்.

நம் கரையிலும் ஒரு திருவருகைக் காலம் அப்படித் தொடங்கியது. 2017 நவம்பர் 30, மீனவரான திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் எச்சரிக்கை எட்டும் முன்பே கடலுக்குள் இருந்தார்கள். டிசம்பர் 3 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அந்த ஆண்டுக்குரிய வாசகம் மாற்கு 13-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி: பயணம் போன வீட்டுத் தலைவர் மாலையிலா, நள்ளிரவிலா, கோழி கூவும் நேரத்திலா, விடியலிலா எப்போது திரும்புவார் என்று தெரியாததால் விழித்திருக்கச் சொல்கிறது. வீட்டு ஆண்கள் கடலில் இருக்கையில் அந்த ஊர்க் கோவில்களுக்கும் அன்று அதுதான் நற்செய்தி.

அவர்களுடைய வேதனையை ஒரு மறையுரை உவமையாக்கிவிட எனக்கு மனம் இல்லை. பல வீடுகளுக்கு யாரும் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த வாரங்களில் அந்த மக்கள் காத்திருந்த விதத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் மறக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு யாரும் கரையில் உட்கார்ந்திருக்கவில்லை. மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே தேடப் போனார்கள். பங்குகளில் காணாமற்போனவர்களின் பெயர்ப் பட்டியல்கள் தயாராயின. ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் அமர்ந்து, தேடுதலைத் தீவிரப்படுத்தச் சொல்லிக் கேட்டார்கள். மாற்கு சொல்லும் வீட்டிலும் தலைவர் கிளம்பும்போது ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டுத்தான் போகிறார். அன்பு வைத்தவருக்காகக் காத்திருக்கிறவர் சும்மா இருப்பதில்லை.

இன்று இரண்டாம் வருகையைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் ஒவ்வொரு போருக்கும் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் கடைசிக் காலக் கணக்குப் போடுகிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆதரவாளர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். அந்த நாளும் கடந்துபோனது. அந்த நாளையும் வேளையையும் தந்தை தவிர யாரும் அறியார் என்று இயேசுவே சொல்லிவிட்ட பிறகு, இந்தக் கணக்குகளுக்கு வேலையே இல்லை. முன்பு மறையுரை மேடையிலிருந்து இறங்கிய பயம், இப்போது செல்பேசி வழியாக ஏறி வருகிறது. அதற்கு அஞ்சி, படித்த கத்தோலிக்கர்கள் இந்தப் பேச்சையே கைவிட்டுவிடுவதும் தவறு. ஒவ்வொரு திருப்பலியிலும் எழுந்தேற்றத்துக்குப் பின் அவர் வரும்வரை அவருடைய மரணத்தை அறிக்கையிடுகிறோம். விண்ணகத் தந்தை செபத்துக்குப் பின்னும் அவருடைய வருகையை எதிர்நோக்கி இருப்பதாகக் குரு சொல்கிறார். நாம் பதில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

என் விருப்பம் பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. வழிபாட்டு நாட்காட்டியிலேயே ஒரு பிரிவு இருக்கிறது: டிசம்பர் 16 வரை இறுதி வருகையை நோக்கிய நாட்கள், 17 முதல் 24 வரை பெத்லகேமை நோக்கிய நாட்கள். முதல் பகுதியை முதல் பகுதியாகவே விட்டுவிடலாம். கேரல் பவனியை 17-க்குப் பிறகு வைத்தால் எந்தப் பங்கும் நொடித்துப்போகாது. அதற்கு முந்திய நாட்களில் வாரத்தில் ஒரு நாளாவது ஒருசந்தி இருக்கலாம். நோன்பில் மிச்சமான பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பது பண்டைத் திருச்சபையின் வழக்கம், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பேச்சு நின்றுபோன உடன்பிறப்பிடம் போய்ப் பேசலாம், வாங்கிய கடனைத் திருப்பலாம்.

மூன்று ஆண்டுச் சுழற்சியில் மத்தேயுவுக்கு உரிய முதலாம் ஆண்டின் வாசகங்கள் முடிகிற கிறிஸ்து அரசர் ஞாயிறன்று, திருவருகைக் காலத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மத்தேயு 25-இன் நடுத்தீர்வைக் காட்சி வாசிக்கப்படுகிறது. வருகிறவர் கேட்கப்போகிற கேள்விகள் அங்கே முன்கூட்டியே வெளியாகிவிட்டன: பசித்தவர், தாகமுற்றவர், அந்நியர், ஆடையற்றவர், நோயுற்றவர், சிறையில் இருப்பவர். நம் பங்கு எல்லைக்குள் டயாலிசிஸுக்கு வாரம்தோறும் தனியாகப் பேருந்தில் போய்வருகிறவர்கள் யார், வடமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலைத் தளத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பங்கள் எத்தனை, கிளைச்சிறையில் பிணையெடுக்க ஆள் இல்லாமல் கிடப்பவர் யார் என்று நவம்பர் மாதக் கடைசியிலேயே பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் பட்டியல் எடுக்கத் தொடங்கலாம். குடில் வேலைக்கு ஆள் பிரிப்பதுபோல இதற்கும் பிரிக்கலாம்.