கண்ணாடியில் காணி தெரியும். கால் வைப்பது பிறகு

விட்டு வந்த காணி இப்போது எப்படிக் கிடக்கிறது? இடம்பெயர்ந்து வாழும் எந்தக் கமக்காரக் குடும்பத்திலும் இந்தக் கேள்வி உண்டு. கிணறு தூர்ந்துவிட்டதா, வாய்க்கால் உடைந்துவிட்டதா, வரம்பு தெரிகிறதா என்று மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கடைகளில் விற்கப்படும் கமரா ட்ரோனும், அதனுடன் சேர்த்துக் கண்ணில் அணியும் கண்ணாடியும் இக்கேள்விக்கு ஓரளவு பதில் தருகின்றன. எதற்குப் பதில் தரும், எதற்குத் தராது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அண்மையில் ஒரு குளக்கட்டில், உரிய அனுமதியுடன், இளைஞர் ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரைக் கதிரையில் இருத்திக் கண்ணாடியை அணிவித்தோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “வாய்க்கால் தெரியுது தம்பி. எங்கட மருதமரமும் நிக்குது” என்றார். எட்டிப் பிடிப்பவர்போல் கையை நீட்டினார். கண்ணாடியைக் கழற்றியதும், “பற்றை பெரிசா இல்லை. நாளைக்கே போய்ப் பாத்திட்டு வரலாம் போல கிடக்கு” என்றார். அந்தக் காணி மிதிவெடி அகற்றப்பட்டு இன்னும் கையளிக்கப்படவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அவருடைய அந்த வார்த்தைதான்.

இக்கருவி வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. ட்ரோனில் உள்ள கமரா எடுக்கும் படம் வானொலி அலைவழியாகக் கீழே வருகிறது. கண்ணாடிக்குள் கண்ணுக்கு நெருக்கமாக உள்ள சிறு திரைகளில் அது விழுகிறது. வெளி வெளிச்சம் மறைக்கப்பட்டிருப்பதால் நாமே பறப்பது போன்ற உணர்வு ஏற்படும். 2017இல் டிஜேஐ கொம்பனி வெளியிட்ட கண்ணாடியில், தலையைத் திருப்பினால் அதற்கேற்பக் கமராவைத் திருப்பும் வசதியும் இருந்தது. அதே கொம்பனி 2024இல் வெளியிட்ட அவாட்டா 2 என்னும் ட்ரோனின் எடை 377 கிராம். ஒரு பற்றரியில் கூடியது 23 நிமிடம் பறக்கும் என்பது கொம்பனியின் கணக்கு. காற்று வீசினால் அது குறையும்.

பாவிப்பவர் கவனிக்கவேண்டிய சில விடயங்கள் உள்ளன. நின்றுகொண்டு அணிந்தால் தலை சுற்றி விழக்கூடும், இருந்துகொண்டே அணியுங்கள். வயிற்றைப் புரட்டினால் உடனே கழற்றிவிடுங்கள். கிட்டப்பார்வை உள்ளவர்கள் தெளிவாகப் பார்க்கத்தக்கதாகச் சில கண்ணாடிகளில் வில்லையைத் திருகிச் சரிசெய்யலாம். கழற்றிய கண்ணாடியை அதன் வில்லை சூரியனைப் பார்க்க வைக்கவேண்டாம். பூதக்கண்ணாடி கடதாசியை எரிப்பதுபோல் வெயில் உள்ளே குவிந்து திரையைக் கெடுத்துவிடும்.

இவற்றைவிட முக்கியமானவை இரண்டு மறைவுகள்.

முதலாவது, அணிந்தவரின் மறைவு. கமரா பார்க்கும் பக்கம் மட்டுமே அவருக்குத் தெரியும். பின்னால் உள்ள மின்கம்பியோ, பக்கத்தால் வரும் பருந்தோ, தன் காலடியில் ஓடிவரும் பிள்ளையோ தெரியாது. இதனாலேயே அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளில், கண்ணாடி அணிந்து பறக்கவிடுபவரின் அருகில் இன்னொருவர் நின்று வெறுங்கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்பது விதி. நாம் கண்ட சிறந்த முறை, இயக்குபவர் கண்ணாடி அணியாமல் ட்ரோனையும் கையிலுள்ள திரையையும் பார்ப்பது. காணிக்காரர் கண்ணாடியை அணிந்து, “கொஞ்சம் வலப்பக்கம், அந்தக் கிணத்தடிக்கு” என்று சொல்லிக்கொடுப்பது. காணியை அறிந்த கண்ணும் கருவியை அறிந்த கையும் அப்போது ஒன்றுசேரும். சில ட்ரோன்களை இயக்குபவரே கண்ணாடி அணியவேண்டும் என்பதால், வாங்கமுன் இதை விசாரியுங்கள்.

இரண்டாவது, கமராவின் மறைவு. அது மேற்பரப்பை மட்டுமே காட்டும். உடைந்த குளக்கட்டு, அடைபட்ட வாய்க்கால், மஞ்சளித்த நெற்பயிர் யாவும் தெரியும். மண்ணுக்குள் சில அங்குலத்தில் கிடக்கும் மிதிவெடி தெரியாது. புல் பச்சையாக இருப்பதோ, மாடு மேய்வதோ, பற்றை குறைவாக இருப்பதோ பாதுகாப்புக்குச் சாட்சியல்ல. வெள்ளம் வெடிபொருட்களை இடம்மாற்றவும் கூடும். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலை போன்ற இடங்களில் அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதித்து வந்தார்கள். அந்த வேலையை எந்தக் கண்ணாடியும் செய்துவிடாது. ட்ரோன் அத்தகைய காணிக்குள் விழுந்துவிட்டால் எடுக்கப் போகாதீர்கள். பொருள் போகட்டும், கால் இருக்கட்டும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின், அதே மாதத்தில் நாட்டில் ட்ரோன் பறப்பதே இடைநிறுத்தப்பட்டிருந்தது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை முதலில் கேட்டறிந்து, பதிவையும் அனுமதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். இராணுவ முகாம்கள், வேலியிடப்பட்ட காணிகள் ஆகியவற்றின் பக்கம் ஆசைக்கும் திருப்பவேண்டாம். ஒரு படம் உங்களுக்கு வினையாக முடியலாம்.

அப்படியானால் இதனால் என்ன பயன்? அனுமதியுடன் எடுத்த படத்தைச் சேமித்து, குடும்பமாக இருந்து பார்த்து, கிணறு, வாய்க்கால், எல்லை மரம் என்பவற்றைக் கடதாசியில் குறித்துக்கொள்ளலாம். திரும்பும் நாளில் எதை முதலில் திருத்துவது, எவ்வளவு விதைநெல் தேவை என்று இப்போதே கணக்கிடலாம். ஊரைக் காணாத பிள்ளைகளுக்கு, “இதுதான் எங்கட வளவு” என்று காட்டலாம்.

அந்தப் பெரியவரிடமும் இதையே சொன்னோம். சிறிது யோசித்துவிட்டு, “சரி, கையளிக்கட்டும். மரம் நிக்குதுதானே, அது காத்திருக்கும்” என்றார். நாமும் காத்திருப்போம்; ஆயத்தமாகக் காத்திருப்போம்.