சிலிக்கான் பள்ளத்தாக்கின் சீன முதலாளிகள்

டேவிட் லாம் குவாங்டாங்கில் பிறந்தவர், வியட்நாமிலும் ஹாங்காங்கிலும் வளர்ந்தவர். எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலும் ஜெராக்ஸிலும் வேலை பார்த்துவிட்டு ஹியூலெட் பேக்கார்டில் சேர்ந்தார். எதிர்பார்த்த பதவி உயர்வு அங்கே வரவில்லை. 1979இல் வெளியேறினார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கியதுதான் லாம் ரிசர்ச். சிலிக்கான் தகட்டில் நுண்ணிய மின்சுற்று வடிவங்களைச் செதுக்கும் இயந்திரங்களைச் செய்யும் நிறுவனம் அது. நான்கே ஆண்டில் பங்குச் சந்தைக்கு வந்தது.

அந்தத் தலைமுறைச் சீனப் பொறியாளர்கள் பலருக்கு லாமின் அனுபவம் புதிதல்ல. ‘கெட்டிக்காரர்கள், ஆனால் நிர்வாகத்துக்கு ஒத்துவர மாட்டார்கள்’ என்பது அவர்கள்மேல் குத்தப்பட்ட முத்திரை. கலிபோர்னியா ஆய்வாளர் அன்னாலீ சாக்சேனியன் 1999இல் வெளியிட்ட அறிக்கை இதைப் பதிவு செய்தது. 1980 முதல் 1998 வரை சிலிக்கான் பள்ளத்தாக்கில் தோன்றிய தொழில்நுட்ப நிறுவனங்களில் 17 சதவீதத்தைச் சீன வம்சாவளியினரும், 7 சதவீதத்தை இந்தியர்களும் நடத்தி வந்தார்கள் என்று அது காட்டியது. 1998இல் இந்த இரு பிரிவினரின் நிறுவனங்களும் சேர்ந்து 1,680 கோடி டாலருக்கு விற்பனை செய்தன. 58,000 பேருக்கு வேலை கொடுத்தன.

இத்தனைக்கும், அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதையே 1882இல் சட்டம் போட்டுத் தடுத்த நாடு. 1943இல் தடையை நீக்கியபோதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம் தந்தது. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியது. அதன்பின் தைவானிலிருந்தும், 1980களில் சீனாவிலிருந்தும் மாணவர்கள் மேற்படிப்புக்கு வந்தார்கள், படிப்பு முடிந்ததும் பலர் அங்கேயே வேலையில் அமர்ந்தார்கள்.

நல்ல சம்பளம் வந்தது. குப்பர்டினோ போல நல்ல பள்ளிக்கூடங்கள் உள்ள ஊரில் வீடும் வாங்கினார்கள். ஆனால் பெரும் சொத்து சம்பளத்தில் வரவில்லை. நிறுவனத்தில் சொந்தப் பங்கு வைத்திருந்தவர்களுக்கே அது வந்தது. பங்கு வேண்டுமானால் ஒன்று தொடங்க வேண்டும், அல்லது தொடங்கும் நாளிலேயே உள்ளே இருக்க வேண்டும். இரண்டுக்கும் மூலதனம் வேண்டும், நாலு பேரின் அறிமுகம் வேண்டும். முந்தைய தலைமுறைக் கடைக்காரர்கள் இதற்கு ‘ஹுய்’ என்ற ஏற்பாட்டை நம்பினார்கள். நம் ஊர் ஏலச்சீட்டேதான்: தெரிந்தவர்கள் மாதாமாதம் பணம் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் மொத்தத்தை எடுத்துக்கொள்வது. வங்கிகள் சீனர்களுக்குக் கடன் தரத் தயங்கிய காலத்தில், 1962இல் லாஸ் ஏஞ்சலஸ் சீனத் தெருவில் கேத்தே வங்கி பிறந்ததும் இதே தேவையால்தான்.

பொறியாளர்கள் அமைத்துக்கொண்டவை சங்கங்கள். சீனப் பொறியாளர் கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக் கிளை 1979இல் தொடங்கியது, ஆங்கிலத்தில் தயங்காமல் பேசுவது, பேரம் பேசுவது போன்றவற்றுக்குப் பயிற்சி கொடுத்தது. பத்தாண்டு கழித்து வந்த மான்டே ஜேட் சங்கம் முதலீட்டாளர்களையும் தொழில்முனைவோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. எந்த வழக்கறிஞரிடம் போகலாம், யாரைக் கூட்டாளியாகச் சேர்க்கலாம் என்பதையெல்லாம் எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை. உள்ளூரில் பிறந்தவருக்கு நண்பர் வட்டத்தில் இயல்பாகக் கிடைக்கும் அந்த அறிவு இவர்களுக்குச் சங்கத்தில் கிடைத்தது.

எரிக் யுவானின் கதையில் இத்தகைய அறிமுகங்களின் பலன் தெளிவாகத் தெரியும். ஷான்டோங் மாகாணத்துக்காரர். அமெரிக்க விசா எட்டு முறை மறுக்கப்பட்டு ஒன்பதாவது முறை கிடைத்தது. 1997இல் வெப்எக்ஸில் சேர்ந்தார். சீனரான மின் ஜூவும் இந்தியரான சுப்ரா ஐயரும் தொடங்கிய நிறுவனம் அது. 2007இல் சிஸ்கோ அதை 320 கோடி டாலருக்கு வாங்கியது. பழைய மென்பொருளைப் புதிதாக எழுத வேண்டும் என்று யுவான் கேட்டார். சிஸ்கோ சம்மதிக்காததால் 2011இல் விலகினார். நாற்பது பொறியாளர்கள் அவருடன் கிளம்பி வந்தார்கள். ஸ்கைப் இருக்கிறது, கூகுள் இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று முதலீட்டாளர்கள் பலர் கைவிரித்த வேளையில் முதல் பணம் போட்டவர்களில் பழைய முதலாளி சுப்ரா ஐயர் இருந்தார், சிங்ஹுவா பல்கலைக்கழக முன்னாள் மாணவர்களின் முதலீட்டு நிதியும் இருந்தது. யாகூவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி யாங்கும் 2013இல் சேர்ந்தார். யுவான் அப்படித் தொடங்கிய நிறுவனம்தான் ஜூம். முந்தைய அலையில் பணம் பார்த்தவர்கள் அடுத்தவருக்குக் கைகொடுத்தார்கள். சீனர், இந்தியர் என்ற கோடு அங்கே குறுக்கே நிற்கவில்லை.

வந்த செல்வத்தைக் காப்பது வேறு கலை. சீனாவில் பிறந்த ஜான் டூவும் தைவானைச் சேர்ந்த டேவிட் சன்னும் தங்கள் முதல் நிறுவனத்தை 1986இல் 60 லட்சம் டாலருக்கு விற்றார்கள். பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டார்கள். 1987 அக்டோபர் சரிவில் பெரும்பகுதி கரைந்தது. மீண்டும் கைவந்த தொழிலுக்கே வந்தார்கள். அப்போது நினைவக சிப்புக்குக் கடும் தட்டுப்பாடு. எளிதில் கிடைத்த பழைய பாகங்களை வைத்தே புதிய நினைவக அட்டையை வடிவமைத்தார்கள். கிங்ஸ்டன் டெக்னாலஜி இப்படித்தான் பிறந்தது. 1996இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் அதன் 80 சதவீதப் பங்கை 150 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் 10 கோடி டாலரை இருவரும் ஊழியர்களுக்கென்று ஒதுக்கினார்கள். மூன்றே ஆண்டில், விற்ற பங்கை 45 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சிப் விலை சரிந்து பலர் பயந்து ஒதுங்கிய நேரத்தில் தங்கள் தொழிலின் மதிப்பு தங்களுக்குத் தெரியும் என்ற துணிவு அது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாரிலும் இவர்களையே முதலில் படிக்க வேண்டும்.

மறுபக்கம் ஆன் வாங். ஷாங்காய்க்காரர். 1951இல் 600 டாலர் சேமிப்பில் பாஸ்டனில் வாங் லேபரட்டரீஸைத் தொடங்கினார். 1980களில் அங்கே 30,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 1986இல் மகன் பிரெட்டைத் தலைவராக்கினார். தனிக் கணினிகள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன, நிறுவனம் நஷ்டத்தில் இறங்கியது. 1989இல் தந்தையே மகனை நீக்க வேண்டி வந்தது. 1990இல் அவர் இறந்தார். இரண்டே ஆண்டில் நிறுவனம் திவாலானது. சந்தை மாறியதும் காரணம்தான். ஆனால் வாரிசு முடிவு அந்த மாற்றத்தைச் சமாளிக்கும் நேரத்தை விழுங்கிவிட்டது.

இன்று வேலைக்கு வரும் சீன இளைஞருக்கு முதல் தடை வேறிடத்தில் இருக்கிறது. எச்1பி வேலை விசா ஒருவரை ஒரு முதலாளியோடு கட்டிப்போடும். சொந்தமாகத் தொழில் நடத்த நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் கிரீன் கார்டு கிடைப்பதுதான் நிம்மதியான வழி. வேலை அடிப்படையில் தரும் அந்த அட்டைகளில் பொதுவாக எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது சட்டம். ஆகவே மக்கள்தொகை மிகுந்த சீனாவிலும் இந்தியாவிலும் பிறந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். லாமைப் போல முப்பதுகளில் துணிந்து வெளியேற வேண்டிய வயது, அந்த வரிசையிலேயே கழிந்துவிடுகிறது.