வாசனையிலும் வலம் இடம் உண்டு!

சட்னி அரைக்கிற புதினாவுக்கும், நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற சதகுப்பைக்கும் என்ன உறவு? "ஓர் உறவும் இல்லை, வாசனையே வேறாயிற்றே!" என்பீர்கள். புதினா பச்சைப் பசேலென்று மணக்கிறது. சதகுப்பையோ கைக்குழந்தைக்குப் புகட்டும் கிரைப் வாட்டரை நினைவூட்டுகிறது. ஆனால் ரசாயன நிபுணர்கள், "இரண்டு தைலங்களிலும் மணம் தருவது கார்வோன் என்ற ஒரே பொருள்தான்" என்கிறார்கள்!

ஒரே பொருளுக்கு இரண்டு வாசனையா? உங்கள் பாதங்களைப் பாருங்கள். அளவு ஒன்றுதான், விரல்களும் ஐந்தைந்துதான். ஆனாலும் வலது செருப்பில் இடது காலை நுழைத்தால் பொருந்துகிறதா? கார்வோனின் அணுக்கூட்டமும் இப்படித்தான். கண்ணாடியும் பிம்பமும் போல இரண்டு வடிவங்களில் அமைகிறது.

இந்த விந்தையை வெளிப்படுத்தியவர் பிரெஞ்சு தேசத்து லூயி பாஸ்டர். வெறிநாய்க் கடிக்கு ஊசி மருந்து கண்ட அதே மேதைதான். 1848-ல், 25 வயது வாலிபராக இருந்தபோது, ஓர் அமில உப்பின் படிகங்களைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, அரிசியில் கல் பொறுக்குவது போல வல வடிவம், இட வடிவம் என்று பொறுக்கிப் பிரித்தார். தனித்தனியே நீரில் கரைத்து, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தினார். ஒன்று ஒளியை வலப்பக்கம் திருப்பியது. மற்றது இடப்பக்கம் திருப்பியது!

புதினாவின் கார்வோன் இடம் திருப்புவது; சதகுப்பையினுடையது வலம் திருப்புவது. மூக்கினுள் மணத்தை ஏற்கும் நுண்ணிய உறுப்புகளும் செருப்பைப் போல வலம் இடம் அறிந்தவை. அதனால்தான் இரண்டும் வெவ்வேறாக மணக்கின்றன. 1971-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சிகள் இதை ஐயமற நிலைநாட்டின.

"இதனால் நமக்கென்ன லாபம்?" என்று கேட்கிறீர்களா? கலப்படக்காரன் அகப்படுகிறானே, அதுதான் லாபம்!

லாவெண்டர் தைலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முக்கிய மணப்பொருள்களில் ஒன்று லினலூல். பூவிலிருந்து வடித்த தைலத்தில் இது பெரும்பாலும் இடம் திருப்பும் வகை. ஆலையில் மலிவாகச் செய்யும் லினலூலிலோ வலமும் இடமும் சரிபாதி. இதைக் கலந்தால் சாதாரண சோதனைக்கு எல்லாம் லினலூல்தான், வித்தியாசமே தெரியாது.

இரண்டையும் பிரிக்க ஒரு கருவி இருக்கிறது. சுமார் 30 மீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர் துவாரமுள்ள குழாய். உட்சுவரில் மாவுச்சத்திலிருந்து செய்த சர்க்கரை வளையங்கள் பூசியிருக்கும். அந்த வளையங்களுக்கும் வலம் இடம் தெரியும். தைலத்தின் ஆவி உள்ளே போகும்போது, கடைத்தெருவில் தெரிந்தவர்களிடமெல்லாம் நின்று பேசிவிட்டு வருகிறவர் பின்தங்குவது போல, வளையங்களோடு அதிகம் ஒட்டி உறவாடும் வகை பின்னால் வந்து சேரும். எது எவ்வளவு என்று கணக்கெடுத்துவிடலாம். லாவெண்டர் தைலத்திலுள்ள லினலூலில் வலம் திருப்பும் வகை நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் போகலாகாது என்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி.

கொத்தமல்லி விதைத் தைலத்தில் கதை தலைகீழ். அங்கே வலம் திருப்பும் லினலூல்தான் அதிகம். அதைக் கொண்டுவந்து லாவெண்டரில் கலந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால், லாவெண்டரின் ஒட்டுறவான லாவண்டின் செடியின் மலிவுத் தைலத்தைக் கலந்தால் இந்தச் சோதனை மட்டும் போதாது. அதன் லினலூலும் பெரும்பாலும் இடம் திருப்புவதே. அதற்குக் கற்பூரச் சத்தின் அளவு போன்ற வேறு சோதனைகளும் தேவை.

ஆகவே சகோதரிகளே, சீட்டில் 'சுத்தமானது' என்று அச்சடித்திருப்பதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். விலையுயர்ந்த தைலமானால் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். அதில் வலம் இடம் கணக்கு உண்டா என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் விழிக்கட்டும், பணம் நம்முடையதல்லவா?