பாட்டியின் நடவுப் பாட்டு... மெட்டோடு எழுதிவைக்க எளிய மென்பொருள்கள்!

காவிரியின் கடைமடையில், வேளாங்கண்ணியைச் சுற்றியிருக்கும் திருப்பூண்டி, கீழையூர், தலைஞாயிறு பக்கம் நேரடி விதைப்பும் நடவு இயந்திரமும் பெருகிவிட்டன. வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்களில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் நடவுப் பாட்டுக்கு இப்போது வயலில் வேலை குறைவு. ஏற்றம் போனபோது ஏற்றப் பாட்டு போனது. கரைவலை குறையக் குறைய, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் குறைகிறது. இந்தப் பாட்டெல்லாம் தெரிந்தவர்கள் இன்று நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும்தான்.

அவர்கள் பாடுவதைப் பல பேரன் பேத்திகள் செல்போனில் பதிவுசெய்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால், அந்தப் பாட்டைப் பள்ளி ஆண்டுவிழாவில் பத்துக் குழந்தைகள் பாட வேண்டும், தேவாலயப் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அதே மெட்டை வாசிக்க வேண்டும் என்றால், பதிவு மட்டும் போதாது. மெட்டு எழுத்தில் இருக்க வேண்டும்.

சொல் இருக்கிறது... மெட்டு எங்கே?

நாட்டுப்பாடல்களைத் தொகுக்கும் வேலை நம் ஊரில் நெடுநாளாக நடக்கிறது. சார்லஸ் கோவர் 1871-ல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களை, கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1958-ல் ‘மலையருவி’ என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ வந்தது. இத்தகைய தொகுப்புகளில் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பவை சொற்கள். அவற்றைப் படிக்கலாம். பாட வேண்டுமென்றால், மெட்டு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் செசில் ஷார்ப் 1903-ல் கிராமத்துப் பாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கியபோது, மெட்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டார். ஹங்கேரியில் பேலா பார்டோக் 1906 முதல் மெழுகு உருளைகளில் பதிவுசெய்து, பிறகு கேட்டுக் கேட்டு எழுதினார். பதிவும் எழுத்தும் சேர்ந்திருந்ததால், அந்த மெட்டுகளை இன்றும் பள்ளிக் குழந்தைகள் பாடுகிறார்கள்.

தஞ்சைக்கு இது புதிதல்ல

மெட்டை எழுதிவைக்கும் பழக்கம் டெல்டாவுக்குத் தெரியாததல்ல. தஞ்சையில் வாழ்ந்த சித்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர், கிறிஸ்தவப் பாடல்களுக்குக் கர்நாடக மெட்டமைத்தவர். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரிய இசை நூலை வெளியிட்டார். அதற்கும் முன்பே, 1893-ல், ஏ.எம்.சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐந்து கோடு போட்ட மேற்கத்திய ‘ஸ்டாஃப் நோட்டேஷன்’ முறையில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்குத் தனிக் குறிகளே உண்டு. அவர்களுக்கு அச்சகமும் ஆதரவாளரும் தேவைப்பட்டார்கள். நமக்கு ஒரு செல்போன் போதும்.

தேர்வுசெய்யும் முன் மூன்று கேள்விகள்

இசை மென்பொருள்கள் ஏராளம். சினிமா இசையமைப்பாளருக்கானதை வாங்கி, நடவுப் பாட்டு எழுத உட்கார வேண்டாம். மூன்றே மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. எழுதியதை உடனே வாசித்துக் காட்டுமா? எழுதியது சரியா என்று பாட்டி கேட்டுச் சொல்ல இது அவசியம்.
2. பாட்டின் சொற்களைத் தமிழிலேயே சுரத்துக்குக் கீழே போட முடியுமா?
3. இந்த மென்பொருள் நாளைக்கே நின்றுபோனாலும் என் ஃபைல் திறக்குமா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ‘ஃபினாலே’ என்ற புகழ்பெற்ற நோட்டேஷன் மென்பொருள் சுமார் 35 ஆண்டுகள் உலகெங்கும் பயன்பட்டது. 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம், இனி அதை மேம்படுத்தப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. அந்த ஃபைல்களை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலை பல இசைக்கலைஞர்கள் தலையில் விழுந்தது. பாட்டியின் பாட்டுக்கு அந்த நிலை வேண்டாம்.

ஏபிசி நோட்டேஷன்: செல்போனுக்கு ஏற்றது

நாட்டுப்புற மெட்டுகளுக்காகவே பிறந்த முறை இது. இங்கிலாந்தின் கிறிஸ் வால்ஷா, ஸ்டாஃப் நோட்டேஷன் கற்பதற்கு முன்பு, கேட்ட மெட்டுகளை வெறும் எழுத்துகளால் குறித்துக்கொண்டார். அது வளர்ந்து 1993 வாக்கில் மென்பொருளாகி, பிறகு உலகமெங்கும் பரவியது. அயர்லாந்து நாட்டுப்புற மெட்டுகள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் பகிரப்படுகின்றன.

ச ரி க ம தெரிந்தவர்களுக்கு இது அரைமணி நேரப் பாடம். ‘ச’வை ஆங்கில ‘சி’ என்று வைத்தால் ரி-டி, க-ஈ, ம-எஃப், ப-ஜி, த-ஏ, நி-பி. பெரிய எழுத்து மத்திய ஸ்தாயி. சின்ன எழுத்து மேல் ஸ்தாயி. இரண்டு மடங்கு நீட்ட எழுத்துக்குப் பக்கத்தில் 2 போட வேண்டும். தாளம் பிரியும் இடத்தில் ஒரு நேர்கோடு. ‘ப த ப, ம க ரி’ என்று மும்மூன்றாகப் பாடினால் ஜி, ஏ, ஜி, ஒரு கோடு, எஃப், ஈ, டி. அவ்வளவுதான். மெட்டு வரிக்குக் கீழே ‘டபிள்யூ’ என்ற சின்ன எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டு, பாட்டின் சொற்களை அசை பிரித்துத் தமிழிலேயே எழுதலாம்.

ராகத்துக்கும் வழி இருக்கிறது. மெட்டுக்கு மேலே வரும் ‘கே’ வரியில் சுருதியையும் அளவுகோலையும் சொல்ல வேண்டும். அங்கே சி மேஜர் என்று போட்டால் சங்கராபரணத்தின் சுரங்கள், சி மிக்சோலிடியன் என்றால் அரிகாம்போதி, சி டோரியன் என்றால் கரகரப்பிரியா. செஞ்சுருட்டிச் சாயலில் இருக்கும் மெட்டுக்கு மிக்சோலிடியன் சரியாக வரும். ஒவ்வொரு நிஷாதத்துக்கும் தனியாகக் குறி போட வேண்டியதில்லை.

கணினியில் ‘ஈஸி ஏபிசி’, செல்போன் பிரவுசரில் ‘ஏபிசி டிரான்ஸ்கிரிப்ஷன் டூல்ஸ்’ இரண்டுமே இலவசம். எழுத்தைத் தட்டினால் ஸ்டாஃப் நோட்டேஷனாகக் காட்டி, வாசித்தும் காட்டும். ஃபைல் வெறும் எழுத்து என்பதால் வாட்ஸ்அப் செய்தியாகவே அனுப்பலாம். எந்த மென்பொருள் போனாலும் எழுத்து நிற்கும்.

மியூஸ்ஸ்கோர்: அச்சிட, பாடற்குழுவுக்குக் கொடுக்க

வீட்டில் கணினி இருந்து, அழகாக அச்சிட வேண்டுமென்றால் மியூஸ்ஸ்கோர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். ஐந்து கோட்டில் மவுஸால் சுரத்தை வைக்கலாம், தமிழில் சொற்களை அடிக்கலாம், பறைக்கும் உடுக்கைக்கும் தனித் தாள வரி சேர்க்கலாம். பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் கீபோர்டு வாசிப்பவர்களுக்கும் இதுவே பழகிய வடிவம்.

ஒரு எச்சரிக்கை: மென்பொருள் இலவசம், அதே பெயரில் இயங்கும் பாடல் பகிர்வுத் தளம் சந்தா கேட்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டிவிடாதீர்கள். அதன் செல்போன் ஆப், தயாரான நோட்டேஷனைப் பார்க்கவும் கேட்கவும்தான். எழுதுவதற்குக் கணினி வேண்டும். முடித்ததும் ‘மியூசிக் எக்ஸ்எம்எல்’ வடிவத்திலும் பிடிஎஃப்-ஆகவும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். எக்ஸ்எம்எல் ஃபைலை மற்ற நோட்டேஷன் மென்பொருள்களும் திறக்கும்.

காயகா: ச ரி க ம-விலேயே எழுத

ஸ்டாஃப் நோட்டேஷனே வேண்டாம், சுரமாகவே எழுத வேண்டும் என்பவர்களுக்கு, கர்நாடக இசைக்காக எம்.சுப்பிரமணியன் உருவாக்கிய ‘காயகா’ இருக்கிறது. சுரங்களை எழுத்தாக அடித்தால் வாசிக்கும், கமகத்தையும் குறிக்கலாம். விண்டோஸ் கணினிக்கானது. வாய்ப்பாட்டு கற்றவர்களுக்கு வசதி.

எழுதுவது எப்படி?

* முதலில் பதிவு. பாடுபவரை இடையில் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் இரண்டு முறை பாடவிடுங்கள். வரி வரியாகச் சொல்லச் சொன்னால் மெட்டு மாறிவிடும்.
* நடவுப் பாட்டென்றால் நடுவதுபோல் கையை அசைத்துப் பாடச் சொல்லுங்கள். கும்மி என்றால் தட்டச் சொல்லுங்கள். தாளம் அந்த அசைவில்தான் இருக்கிறது.
* பாட்டு எந்தச் சுரத்தில் வந்து அமர்கிறதோ, அதைப் பெரும்பாலும் ‘ச’வாக வைக்கலாம். சுருதி ஆப்பை ஒலிக்கவிட்டுச் சரிபாருங்கள்.
* எல்லா மெட்டையும் சி-யில், அதாவது ஒரு கட்டையில் எழுதுங்கள். பாடும்போது ஐந்து கட்டைக்கு மாற்ற வேண்டுமென்றால் ‘டிரான்ஸ்போஸ்’ வசதி செய்துகொடுக்கும்.
* வேகத்தைக் குறைத்துக் கேட்டு, முதல் கண்ணியை எழுதுங்கள். அடுத்த கண்ணிகளில் மாறும் இடங்களை மட்டும் குறியுங்கள்.
* எழுதியதை வாசிக்கவிட்டுப் பாடியவரிடமே காட்டுங்கள். ‘இந்த இடத்துல இழுக்கணும்’ என்று அவர் சொன்னால், அவர்தான் சரி.

பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் ஃபைலின் தலைப்பிலேயே போடுங்கள். வெளியே பகிர்வதற்கு முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் சும்மா பாடக் கூடாது என்று பலரும் நினைப்பார்கள், வற்புறுத்த வேண்டாம். வீட்டுக்கு வெளியே, அவர் விரும்பும் இடத்தில் பாடினால் போதும்.

மென்பொருளால் முடியாதது

பாட்டைக் கேட்டுத் தானாகவே எழுதித் தரும் ஆப்களை நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் தெம்மாங்கு இழுப்பை அவை தனித்தனிச் சுரங்களாக நறுக்கிவிடும். தாலாட்டில் ‘ஆராரோ’ மெல்லத் தேய்ந்து முடியும் இடத்தை எந்தக் குறியும் முழுதாகச் சொல்லாது. கணினி வாசிப்பது எலும்புக்கூடு. உயிர் பாடியவரின் குரலில் இருக்கிறது. அதனால் எழுத்தையும் பதிவையும் ஒரே போல்டரில் சேர்த்தே வையுங்கள். ஒரு பிரதி செல்போனில், ஒரு பிரதி மெயிலில், இன்னொன்று அச்சிட்ட தாளில்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி நிறையும். காவி உடுத்தி நடந்து வருபவர்கள் வழிநெடுகப் பாடும் பாட்டுகளில் ஊருக்கு ஊர் மெட்டு மாறும். அவற்றையும் எழுதலாம். முதல் முயற்சிக்குப் பெரிய பாட்டு வேண்டாம். உங்களைத் தூங்கவைத்த தாலாட்டு நாலு வரி போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். மென்பொருளைப் பிறகுகூடக் கற்றுக்கொள்ளலாம், அவரது குரலைப் பிறகு பதிவுசெய்ய முடியாமல் போகலாம்.