உயரத்தைச் சேமித்த வாய்க்கால்

தம்பின் வட்டாரத் தோட்டங்களில், மேட்டு நிரைகளில் பால்மரம் சீவியவர்களுக்குக் குன்றைச் சுற்றி ஏறாமல் இறங்காமல் வளையும் மட்டப்பாதை பழகியது. ஈயச் சுரங்கங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மலை வாய்க்கால்களும் அப்படித்தான் வளைந்தன. ஆனால் அவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு இருந்தது. வித்தை முழுவதும் அந்தச் சரிவில்தான்.

பேராக்கின் கோப்பெங்கில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் கம்பெனிகள் மலையாற்று நீரைக் குழாய்களில் இறக்கி, அதன் வேகத்தாலேயே சுரங்க மண்ணைக் கரைத்தன.

அந்த வேகம் எப்படி வந்தது? ஓர் ஆறு 5 கிலோமீட்டரில் 100 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மேலேயே நீரைத் திருப்பி, கிலோமீட்டருக்கு 2 மீட்டர் மட்டும் சரியும் வாய்க்காலில் விட்டால், அதே தூரத்தில் 10 மீட்டர்தான் இறங்கும். மீதி 90 மீட்டர் கையிருப்பு! சரிவு கூடினால் நீர் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும்.

சேர்த்த உயரத்தைக் குழாய் ஒரே இறக்கத்தில் செலவழிக்கும். 90 மீட்டர் நீர், காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தம் தரும். உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், முனையில் நீர் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பீய்ச்சும்.

கரைந்த சேறு 'பாலோங்' என்ற நீண்ட மரத்தொட்டியில் ஓடும். குறுக்கே அடித்த கட்டைகளின் பின்னால் கறுத்த ஈயத்தாது தங்கும், மணல் போய்விடும். தாதின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 7 மடங்கு, மணலுக்கு 2.65 மடங்கு. நீருக்குள் மிதப்பு விசை இரண்டிலும் ஒரு பங்கைக் கழிப்பதால், அந்த விகிதம் 6க்கு 1.65 ஆகிறது. வெளியே 2.6 மடங்காக இருந்த எடை வித்தியாசம் உள்ளே 3.6 மடங்காகிறது. மண்ணை வெட்டிய நீரே தாதையும் பிரித்துக் கொடுத்தது. கழிந்த மணலும் சேறும் ஆறுகளை மேடாக்கி வெள்ளம் வரவழைத்ததும் இதே கதையின் பகுதிதான்.

இத்தகைய வாய்க்கால்கள் வேறு நாட்டிலும் உண்டு: ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் வெள்ளிச் சுரங்கங்களின் நீர்ச்சக்கரங்களைச் சுழற்றிய வாய்க்கால்களை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுச் சின்னமாக்கியது. சுமார் 310 கிலோமீட்டர் வாய்க்கால்களும் 107 குளங்களும் அங்கே இருக்கின்றன. கரையோரம் நடப்பதற்கென்றே பாதைகள் அமைத்திருக்கிறார்கள்.

சிரம்பான் நகரமும் ஈயத்தால் எழுந்ததுதான். நம் மலைகளில் எஞ்சியிருக்கும் வாய்க்கால் தடங்களைக் காடு மூடுவதற்குள் அளந்து, வரைபடத்தில் குறித்து, நடக்கத் திறந்துவிட வேண்டும். நிலையாற்றல் இயக்க ஆற்றலாவதைப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே காலால் நடந்தே கற்றுக்கொள்வார்கள்.